மையம் நகர்ந்த குடை

மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து மழையைப் பார்க்கும்போது மனிதர்கள் தெரிவதில்லை. குடைகள்தாம் தெரிகின்றன. முகமும் தோளும் செருப்பும் மறைந்துபோய், வட்டம் வட்டமாக எதுவோ தெருவில் ஊர்ந்து போகிறது. ஒரு மாலை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அது வட்டமே இல்லை என்பது கண்ணில் பட்டது. எட்டுக் கம்பிகள், கம்பிகளுக்கு இடையே இழுத்துக் கட்டிய எட்டு மடல்கள். மேலிருந்து பார்த்தால் குடை ஓர் எண்கோணம். எண்கோணத்தை ஒரு சதுரத்துக்குள் உட்காரவைத்துவிடலாம். சதுரம் கிடைத்துவிட்டால் அது குவில்ட் பிளாக் ஆகிவிடும்: துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப்போர்வையின் ஒரு சதுரம்.

கட்டட வரைபடம் வரைவதில் 22 ஆண்டுகள் கழித்திருக்கிறேன். அதனால் எதைப் பார்த்தாலும் கை கட்டத்தாளைத் தேடும். அன்று இரவே 12-க்கு 12 அங்குலச் சதுரம் ஒன்று போட்டேன். எண்கோணம் வரைய நான்கு மூலைகளையும் சரிவாக நறுக்க வேண்டும். கணக்குப்படி ஒவ்வொரு மூலையிலும் 3.51 அங்குலம் வெட்ட வேண்டும். அதை 3.5 என்று வைத்துக்கொண்டால் மூன்றரை, ஐந்து, மூன்றரை என்று பக்கம் அழகாகப் பிரிகிறது. நேர்ப்பக்கங்கள் 5 அங்குலம், சரிவான பக்கங்கள் 4.95. தச்சரும் தையல்காரரும் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள் அல்லவா, இந்த வித்தியாசம் அதில் அரை நூல்கூட இல்லை. துணி அதைத் தாங்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்றும் கிடைத்தது. மையத்திலிருந்து எட்டு முனைகளுக்கும் தூரம் மிகச்சரியாக 6.5 அங்குலம். இரண்டரை, ஆறு, ஆறரை: 5-12-13 செங்கோண முக்கோணத்தின் பாதி அளவு. கட்டத்தாளில் எல்லாப் புள்ளிகளும் கோடுகள் வெட்டும் இடத்திலேயே வந்து விழுந்தன. எனக்காகவே யாரோ இந்த எண்களை எடுத்துவைத்ததைப் போல இருந்தது.

மறுநாள் அடர்நீலத்தையும் வெளிர்நீலத்தையும் மாற்றி மாற்றி வைத்து எட்டு மடல்களையும் தைத்தேன். எட்டுக் கூர்முனைகள் ஒரே புள்ளியில் சேரும் இடம்தான் கடினம். பின்பக்கத்தில் துணி அடுக்கடுக்காக ஏறி, நடுவில் மிளகளவு மேடு ஒன்று நிற்கும். தையல் ஓரங்களை எல்லாம் கடிகாரம் சுற்றும் திசையிலேயே படியவைத்து, நடுவில் இரண்டு மூன்று தையல்களைப் பிரித்துவிட்டால் அந்த ஓரங்கள் பின்பக்கத்தில் சின்னக் காற்றாடிபோல் விரிந்து படுத்துக்கொள்கின்றன. முன்பக்கம் தட்டையாகிவிடும். மூலைகளில் நான்கு சாம்பல் முக்கோணங்களைச் சேர்த்து இஸ்திரி போட்டு நிமிர்ந்தபோது, என் வாழ்நாளில் முதல்முறையாக நானே யோசித்த ஒரு பிளாக் என் முன்னால் இருந்தது.

அக்காவிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். கையில் வாங்கித் திருப்பி, முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். "நடு நன்றாகப் படிந்திருக்கிறது" என்றார். பிறகு எதுவும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பழைய தலையணை உறையைக் கொண்டுவந்து அருகில் வைத்தார். அதே எண்கோணம், அதே எட்டு மடல், அதே நான்கு மூலை. "இதற்குக் கலைடாஸ்கோப் என்று பெயர். எனக்கு முன்னாலும் பலர் தைத்துவிட்டார்கள். நீ பார்த்தது குடையை, அதில் சந்தேகமில்லை. ஆனால் தைத்தது இதைத்தான்."

அன்று எனக்கு மிகவும் வலித்தது. அக்கா சொன்னது உண்மை என்பதால் கூடுதலாக வலித்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கலைடாஸ்கோப் பிளாக்குகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால், ஒரு வளைகோடுகூட இல்லாத இடத்தில் வட்டங்கள் தோன்றும். அதற்காகவே அதை விரும்பித் தைப்பவர்கள் இருக்கிறார்கள். சதுரத்தைப் பிரிக்கும் வழிகளை மனிதர்கள் ஏற்கெனவே வெகுதூரம் நடந்து பார்த்துவிட்டார்கள் என்பதும் புரிந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழை மட்டும் எடுத்துக்கொண்டாலே, 1928 முதல் 1961 வரை அது குவில்ட் மாதிரிகளை அச்சிட்டு வந்தது. வாசகர்கள் அனுப்பியவையும் அதில் உண்டு. ஒரே பிளாக் ஊருக்கு ஊர் வேறு பெயரில் இருக்கும். ஒரே பெயரில் நான்கு பிளாக்குகள் இருக்கும். முதலில் யோசித்தது யார் என்று அங்கே கேட்க முடியாது.

ஆனால் அதே தேடலில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர்ப் பெண்களின் குவில்ட்டுகளும் கண்ணில் பட்டன. மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்ட ஊர். உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகள், கிழிந்த சட்டைகள், சாக்குகள் என்று கையில் கிடைத்ததை வெட்டித் தைத்தார்கள் அந்தக் கறுப்பினப் பெண்கள். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகச் சுவரில் அவை ஓவியங்களைப் போலத் தொங்கின. அவர்களிடம் ஹவுஸ்டாப் என்றொரு முறை இருக்கிறது. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக எத்தனையோ பேர் அதையே தைத்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் தைத்ததை இன்னொருவர் தைத்ததாக நினைத்துக் குழம்பவே முடியாது. ஒருவர் பட்டை ஓரிடத்தில் சட்டென்று அகலமாகும். இன்னொருவர் நீலத்துக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு வரும். அந்தப் படங்களின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனம் ஆறியது. என் குடை எங்கே நின்றுபோனது என்பதும் தெரிந்தது: நான் குடையைப் பார்த்தேன், ஆனால் முழுதாகப் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்கு ஜன்னலிலேயே நின்றேன். காற்றோடு வந்த மழை. ஒரு குடையும் நேராக நிற்கவில்லை. எல்லாம் காற்றை நோக்கிச் சாய்ந்திருந்தன. சாய்ந்த குடையை மேலிருந்து பார்த்தால் அதன் உச்சி நடுவில் இருப்பதில்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்து மடல்கள் குறுகித் தெரிகின்றன, எதிர்ப்பக்கத்து மடல்கள் நீண்டு வானத்தைப் பார்க்கின்றன. எண்கோணத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மையத்தை மட்டும் நகர்த்தினால் போதும், நின்றுகொண்டிருந்த குடை நடக்கத் தொடங்கிவிடும்.

உற்சாகத்தில் மையத்தை மேலே கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று கண்ணுக்குப் பிடித்த இடத்தில் வைத்து எட்டுக் கோடுகளை இழுத்தேன். படம் அழகாக இருந்தது. தைக்கத்தான் வழி இல்லை. கலைடாஸ்கோப்பில் எதிரெதிர் முனைகளை இணைக்கும் கோடுகள் எல்லாம் மையம் வழியாக நேராகப் போகும். அதனால் நான்கு மடல்களைத் தைத்து ஒரு பாதி, நான்கு மடல்களைத் தைத்து இன்னொரு பாதி, இரண்டையும் ஒரே நேர்த்தையலில் சேர்த்துவிடலாம். நான் மையத்தை நகர்த்தியதும் எட்டுக் கோடுகளும் தனித்தனியாகிவிட்டன. எந்தக் கோடும் இன்னொன்றோடு நேராகச் சேரவில்லை. எங்கே பிரித்தாலும் மூட்டில் ஒரு மடக்கு வருகிறது. மடக்கைத் தைக்க முடியாது என்றில்லை. முனைக்குக் கால் அங்குலம் முன்னால் நிறுத்தி, ஊசியைத் துணிக்குள்ளேயே இறக்கி வைத்து, துணியைத் திருப்பித் தொடர வேண்டும். எட்டு முனை கூடுகிற இடத்தில் அதைச் செய்தால் ஓட்டையோ சுருக்கமோ நிச்சயம். மூன்று முறை தைத்தேன், மூன்று முறை பிரித்தேன். மூன்றாவது முறை துணி நைந்துவிட்டது.

வரைபடத்தில் கோடு போடுவதும் துணியில் கோடு போடுவதும் ஒன்றாகாது என்பதை நைந்த அந்தத் துணியிலிருந்துதான் கற்றேன். தாளில் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. துணியில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முறை வருகிறது: எது முதலில், எது அதன்மேல், எது கடைசியில். இப்போதெல்லாம் புது பிளாக் வரைந்தால், அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே கடைசித் தையல் எது என்று தேடுகிறேன். ஓரத்திலிருந்து ஓரம் வரை தடையில்லாமல் ஓடும் ஒரு நேர்கோடு அகப்பட்டால் அந்த பிளாக் பிழைத்துக்கொள்ளும்.

விடை குடைக்குள்ளேயே இருந்தது. மையத்தை இஷ்டப்பட்ட இடத்துக்கு நகர்த்தாமல் ஒரு கம்பியின் வழியாகவே நகர்த்தினால்? அந்தக் கம்பியும் அதன் எதிர்க்கம்பியும் ஒரே நேர்கோட்டில்தான் இருக்கும். அந்தக் கோடு உடையாது. ஆறரை அங்குலக் கம்பியில் 2 அங்குலம் தள்ளினேன். ஒரு பக்கம் 4.5, எதிர்ப்பக்கம் 8.5. பாதிக்கு நான்கு மடல்கள், நடுவில் ஒரே நேர்த்தையல். தாளை எட்டப் பிடித்துப் பார்த்தேன். குடை சாய்ந்திருந்தது.

மடல்கள் ஒவ்வொன்றும் இப்போது வேறு அளவு, வேறு கோணம். வட்டக் கத்தியால் பட்டை பட்டையாக வெட்டித் தைக்கும் வேகமெல்லாம் இதற்கு உதவாது. தாள்மேல் தைப்பதுதான் வழி. பாதி எண்கோணத்தைத் தாளில் வரைந்து மடல்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் போட வேண்டும். துணி தாளின் அடியில் இருக்கும், கோடு மேலே இருக்கும், கோட்டின்மேல் தைத்துக்கொண்டே போகலாம். முதல் மடலை வைத்து, இரண்டாவதை நல்லபக்கத்தோடு நல்லபக்கம் சேரக் கவிழ்த்துத் தைத்து, கால் அங்குலம் விட்டு நறுக்கி, விரித்து இஸ்திரி போட்டு, அதன்மேல் மூன்றாவது. விரியும்போது துணி மடல் முழுவதையும் மூடுகிறதா என்பதைத் தைப்பதற்கு முன்பே குண்டூசி குத்தி மடித்துப் பார்த்துவிடுங்கள். சுற்றிலும் அரை அங்குலமாவது கூட வைத்து வெட்டுங்கள். கோணம் வைத்த மடல்களில் துணி ஏமாற்றிவிடும். தையல் நீளத்தை 1.5 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் பிறகு தாளைக் கிழிக்கும்போது தையல் தளராது. ஊசியின் தடிமன் எண் 90/14. இஸ்திரியில் நீராவி வேண்டாம், தாள் சுருண்டுவிடும்.

தாள்மேல் தைப்பதற்கு நான் இவ்வளவு மனம் வைப்பதற்குக் காரணம் உண்டு. நெசவின் போக்கிலோ கரைக்கு இணையாகவோ வெட்டிய துணி சொன்னபடி கேட்கும். சரிவாக வெட்டிய ஓரம் இழுத்த இழுப்புக்கு நீளும். என் குடையில் மடல்களின் ஓரங்கள் பெரும்பாலும் சரிவுதான். தாள் இருக்கும்வரை அவை அசைய முடியாது. அதனால் பக்கத்து பிளாக்குகளோடு சேர்த்துத் தைத்து முடிக்கும்வரை தாளைக் கிழிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

முதல் சாய்ந்த குடையைத் தைத்து முடித்துத் திருப்பியபோது, அது நான் வரைந்த திசைக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருந்தது. தாளின் கோட்டுப் பக்கம் நமக்குப் பின்பக்கம். முன்பக்கம் அதன் கண்ணாடிப் பிம்பமாகத்தான் வரும். எல்லாரும் சொல்லிக்கொடுக்கும் பாடம், எனக்கும் தெரியும், அந்த உற்சாகத்தில் மறந்துவிட்டேன். அதைப் பிரிக்க மனமில்லாமல், தாளைத் திருப்பிப் படியெடுத்து இன்னொன்று தைத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரு குடையைக் கால்வட்டம் கால்வட்டமாகத் திருப்பினால் நான்கு திசை. அதன் பிம்பத்துக்கு இன்னொரு நான்கு. ஒரே வரைபடத்திலிருந்து எட்டுக் கம்பிகளின் பக்கமும் சாயும் எட்டுக் குடைகள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடர்நிறம், வெளிர்நிறம் என்று மாற்றி மாற்றி வைத்தால் கண் அதை நட்சத்திரமாகப் பார்க்கிறது. குடையாகப் பார்ப்பதில்லை. குடை குவிந்த பொருள். அது குவிவாகத் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் படிப்படியாக இறங்க வேண்டும். எனவே நீண்ட மடலில் வெளிர், அடுத்ததில் சற்று அடர்த்தி, அடுத்ததில் இன்னும், குறுகிய மடலில் ஆழ்ந்த நிறம் என்று பாதிக்கு நான்கு சாயல்கள் வைத்தேன். மறுபாதியிலும் அதே வரிசை. நடுத்தையலின் இரு பக்கமும் ஒரே சாயல் வந்து கோடு மறையும் இடத்தில், ஒன்று வெற்றுத்துணி, ஒன்று பொடிப்புள்ளி என்று வைத்தால் கம்பி தெரியும். சாயல்களைக் கண்ணால் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். சிவப்பு நம்மை எப்போதும் ஏமாற்றும், வெளிச்சம் என்று நினைத்தது இருட்டாக இருக்கும். துணிகளை வரிசையாக அடுக்கி, கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். நிறம் போய் ஒளி மட்டும் நிற்கும். ஒரு பச்சையையும் ஒரு ஆரஞ்சையும் நான் அப்படித்தான் இடம் மாற்றினேன்.

இதுவரை மூலைகளைப் பற்றி நினைக்கவே இல்லை. குடை போக மீந்த இடம் என்றே வைத்திருந்தேன். நான்கு பிளாக்குகளைத் தரையில் சேர்த்து வைத்த அன்றுதான், நான்கு மூலைகள் கூடும் இடத்தில் நுனியில் நிற்கும் ஒரு சதுரம் எழுந்து வந்தது. குடைகளுக்கு நடுவே தெரு. ஈரத் தெரு. வானம் விழுந்து கிடக்கும் குட்டை. நான் வரையாத ஒன்று, நான் வரைந்ததைவிட அழகாக இருந்தது.

அந்தக் குட்டை எந்த பிளாக்குக்கும் சொந்தமில்லை. நான்கிடமிருந்தும் ஒவ்வொரு மூலையை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. குட்டையின் மேல்பாதியில் வானத்தின் வெளிர்ச்சாம்பலும் கீழ்ப்பாதியில் தாரின் கருஞ்சாம்பலும் வேண்டும் என்று தோன்றியது. மேலே இருக்கும் இரண்டு பிளாக்குகளின் கீழ்மூலைகள்தான் குட்டையின் மேல்பாதி. அப்படியானால் எந்த பிளாக்குக்கும் கீழ்மூலைகள் வெளிர், மேல்மூலைகள் அடர்த்தி. ஆனால் குடையைத் திருப்பினால் மூலைகளும் கூடவே திரும்பிவிடுமே? ஆகையால் எந்தக் குடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று முடிவாகும்வரை மூலைகளைத் தைக்கக் கூடாது. முதலில் எண்கோணங்களை மட்டும் தைத்து முடித்தேன். மூலைகளுக்கு 4 அங்குலம் 3 நூல் அளவில் 40 சதுரங்களைக் குறுக்கே வெட்டி, 80 முக்கோணங்களைத் தனியே எடுத்துவைத்தேன். முடிவில் மூன்றரை அங்குலம் நிற்க வேண்டிய பக்கத்துக்கு ஏழு நூல் கூட்டினால் அந்த அளவு வரும். இப்படி வெட்டும்போது பிளாக்கின் வெளியோரம் நேர்நூலில் விழும், இழுபடாது.

4 வரிசை அகலம், 5 வரிசை உயரம், 20 பிளாக்குகள், நடுவே 12 குட்டைகள். எண்கோணங்களைத் தரையில் பரப்பி ஒன்பது நாள் திருப்பிக்கொண்டே இருந்தேன். எல்லாம் ஒரே திசையில் சாய்ந்தால் அணிவகுப்புபோல் இருந்தது. கண்டபடி சாய்ந்தால் கூட்டம் பயந்து ஓடுவதுபோல் இருந்தது. கடைசியில் இடப்பக்கத்து இரண்டு வரிசைகள் வலது பக்கமாகவும், வலப்பக்கத்து வரிசைகள் இடது பக்கமாகவும் சாய, நடுவில் ஒருவரை ஒருவர் தாண்டிப்போகும் இரண்டு கூட்டங்களாக அமைந்தன. அக்கா வந்து கட்டில்மேல் ஏறி நின்று பார்த்தார். நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "எல்லாரும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கண் எங்கே நிற்பது?" என்று கேட்டார்.

அப்போதுதான் அந்த முதல் பிளாக்கை எடுத்துவந்தேன். அடர்நீலமும் வெளிர்நீலமும் மாறி மாறி வரும், மையம் நகராத, என்னுடையது இல்லை என்று ஒரு நாள் மடித்து வைத்துவிட்ட அதே கலைடாஸ்கோப். மூன்றாவது வரிசையில் இடமிருந்து இரண்டாவது குடையை எடுத்துவிட்டு அதை அங்கே வைத்தேன். சுற்றிலும் 19 குடைகள் காற்றில் சாய்ந்து போய்க்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் மழையில் நின்றுகொண்டிருந்தார். யாருக்காகவோ காத்திருப்பவராக இருக்கலாம்.

மூலைகளை மட்டும் பிரித்து, இரண்டு கருஞ்சாம்பலும் இரண்டு வெளிர்ச்சாம்பலுமாக மாற்றித் தைத்தேன். மற்ற பிளாக்குகளுக்கெல்லாம் எந்தப் பக்கம் மேல் என்று சீட்டு எழுதிக் குத்தியிருக்கிறேன். இதற்கு மட்டும் சீட்டு தேவைப்படவில்லை. மூலைகளைப் பிரித்த பிறகு, அந்தக் குடையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது அப்படியேதான் நின்றது.